மகரம் கழிந்து கும்பம்

விதுராவில் பனிக்காலம் முடியப்போகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது ரப்பர் மரங்கள்தான். மகரம் பிறந்து கொஞ்ச நாளில் இலையெல்லாம் செம்பு நிறமாகும். பிறகு ஒரு காற்று போதும், ஆனப்பாறையிலிருந்து கல்லாறு வரை சாலையின் இரண்டு பக்கமும் கிளைகள் வெறுமையாகிவிடும். பால்வெட்டு நின்றுபோகும். விடியுமுன்னே மரம் மரமாக ஓடிய வெட்டுக்காரர்கள் பகலெல்லாம் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நீங்களும் அந்த வழியே பள்ளிக்கூடம் போனவர் என்றால் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். கணுக்கால் வரை கிடக்கும் சருகுக்குள் காலை விட்டு அளைந்துகொண்டே நடப்போம். வளைவுக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். பொன்முடி காலையில் மூடிக்கிடக்கும். வெயில் ஏற ஏற மூடல் கழன்று, ஒன்பது மணிவாக்கில் மலை முழுசாகத் தெரியும். மழைக்காலத்தில் நாள்கணக்கில் முகம் காட்டாத மலை அது. மகரத்தில் மட்டும் அதன் புல்மேடுகூடத் தனித்தனியாகக் கண்ணுக்குப் படும்.

எங்கள் நிலம் பெரிதில்லை. ஒண்ணேகால் ஏக்கர் புரையிடம், அதற்குக் கீழே ஏலாவில் இருபது சென்ட் வயல், வயலை ஒட்டி ஒரு தோடு. அந்தத் தண்ணீர் கல்லாற்றில் சேர்ந்து வாமனபுரம் ஆறாகப் போகும். பாட்டா விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். அப்போது எல்லாம் ஒரே திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அவர் திரும்பிப் போகவில்லை. நட்ட பிலாவு அந்த வருஷம்தான் முதலில் காய்த்திருந்தது, அதை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை என்று ஆச்சி சொல்வாள். ஆகவே எங்களுக்கு வீட்டுக்குள் தமிழ், படி இறங்கினால் மலையாளம். மாட்டிடம் இரண்டும் பேசுவோம்.

காலையில் எழுந்ததும் முதல் வேலை தீ காய்வது. முற்றத்தின் ஓரத்தில் முந்தின நாள் கூட்டிவைத்த சருகுக் குவியலுக்குப் பாட்டா தீ வைப்பார். பிலாவிலை எரியும் மணம் ஒன்று, மாவிலை எரியும் மணம் வேறு. ரப்பர் இலை சடசடவென்று எரிந்து புகையைக் கண்ணுக்குள் அனுப்பும். துவர்த்து முண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு, உள்ளங்கையை நீட்டி, புகை வரும் பக்கத்திலிருந்து விலகி விலகி எல்லாரும் வட்டமாகக் குத்தவைத்திருப்போம். கருப்பட்டி போட்ட கட்டன்காப்பி அங்கேயே வந்துவிடும். கும்பம் நெருங்கினால் கொல்லாமரத்தில் அண்டி விழத் தொடங்கும். பொறுக்கிக்கொண்டு வந்து அந்தத் தீயில் போடுவோம். தோட்டு எண்ணெய் சீறிப் பற்றி எரியும். கிட்டே போனால் கை பொத்துவிடும் என்று அதட்டல் வரும். கரிந்துபோன தோட்டைக் கல்லில் வைத்துத் தட்டினால் உள்ளே பருப்பு பாதி வெந்து இளஞ்சூடாக இருக்கும். அதைத் தின்ற கருப்பு வாயோடு பள்ளிக்கூடம் போனவர்கள் வகுப்பில் பாதிப் பேர்.

அந்தத் தீ வெறுமனே குளிருக்கு மூட்டுவதல்ல. அணைந்த சாம்பலை ஆச்சி ஒரு பழைய கலத்தில் அள்ளிக்கொண்டு ஏலாவுக்கு இறங்குவாள். பனி ஈரம் இலையில் இருக்கும்போதே தூவினால்தான் சாம்பல் ஒட்டும். வெயில் வந்த பிறகு தூவினால் காற்று கொண்டுபோய்விடும். பயற்றிலும் மத்தனிலும் பூச்சி விழாமல் காத்தது பெரும்பாலும் அந்தச் சாம்பல்தான். பந்தலில் அங்கங்கே சிரட்டை தொங்கும். அதில் துளசியைக் கசக்கிப் போட்டுக் கொஞ்சம் சர்க்கரையும் தண்ணீரும் விட்டிருப்பாள். காயைக் கொத்தும் ஈ அந்த மணத்துக்கு வந்து மாட்டிக்கொள்ளும்.

மகரத்தில் நெல் அறுப்பு முடிந்ததும் வயல் காய்கறிக்கு மாறும். தாள் கிடக்கிற ஈர மண்ணை வெட்டிப் புரட்டி, தடம் எடுத்து, எருவும் சாம்பலும் போட்டு விதை ஊன்றுவோம். தட்டைப்பயறு, பாவைக்காய், படவலங்காய், வழுதனங்காய், சிவப்புக் கீரை, தடியங்காய், வெள்ளரி. பாவைக்கும் படவலத்துக்கும் மட்டும் பந்தல். காட்டு ஈற்றையை ஊன்றி, வாழைநாரால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய பந்தல். பிஞ்சுப் படவலத்தின் நுனியில் சின்னக் கல் ஒன்றைக் கட்டித் தொங்கவிடும் வேலை பிள்ளைகளுக்கு. கல் கனத்தால் காய் அறுந்துவிடும், கனம் போதாவிட்டால் சுருண்டு வளரும். சரியான கல்லைத் தேடித் தோட்டுக்குள் மணிக்கணக்கில் நிற்போம். அது விளையாட்டா வேலையா என்று அன்றைக்கு யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

சாயங்காலம் தண்ணீர் கோருவது. தோட்டில் குழிவெட்டி வைத்திருக்கும் இடத்தில் இறங்கி, கைக்கொரு குடமாக முக்கிக்கொண்டு வரப்பில் ஏறி வரவேண்டும். நான் சின்னப் பானையோடு ஆச்சியின் பின்னாலேயே நடப்பேன். "மக்களே, பூவில படாம ஊத்து, மூட்டில ஊத்து" என்பாள். ஒவ்வொரு தடத்துக்கும் ஊற்றும்போது மண் தண்ணீரை உறிஞ்சும் சத்தம் கேட்கும். பகலெல்லாம் காய்ந்த மண்ணிலிருந்து ஒரு மணம் எழும்பும். அதில் வாடிய தாளும் சாணியும் கீரைத்தண்டும் கலந்திருக்கும். குக்குறுவான் எங்கோ பிலாவுக்குள் இருந்து விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ஊற்றி முடிக்கும்போது இருட்டிவிடும். தோட்டிலேயே காலைக் கழுவினால் அந்தத் தண்ணீர் பகல் வெயிலின் சூட்டை வைத்திருக்கும், மேலே காற்றுத்தான் குளிரும்.

இதற்கு நடுவில்தான் நல்லமிளகு பறிப்பும் வரும். எங்கள் கொடியெல்லாம் கரிமுண்டா. முருக்கு மரத்திலும் பிலாவிலும் படர்ந்து கிடக்கும். ஒரு திரியில் ஒன்றிரண்டு மணி சிவந்தால் பறிக்கலாம் என்று கணக்கு. கணுக்கிளைகளைப் படியாக விட்டு வெட்டிய ஒற்றை மூங்கில்தான் ஏணி. அதைச் சாய்த்துக் கட்டி, இடுப்பில் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு பாட்டா ஏறுவார். ஏணியின் அடியை நான் பிடித்துக்கொள்வேன். சிறுபிள்ளையின் பிடியால் என்ன ஆகப்போகிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சிவந்த மணியைக் கொண்டைக்குருவி தின்று கொட்டையை மட்டும் கீழே போட்டிருக்கும். அதையும் ஆச்சி பொறுக்குவாள். தோல் போன அந்த வெள்ளை மிளகை மருந்துக்கென்று தனியே ஒரு குப்பியில் வைப்பாள்.

பறித்ததை ஒரு ராத்திரி குவித்து மூடிவைத்து மறுநாள் பாயில் போட்டு மிதிப்போம். திரியிலிருந்து மணி உதிர்ந்து உள்ளங்கால் முழுக்க எரிச்சலாகும். பிறகு பனம்பில் பரத்தி வெயிலில் போட்டால், பச்சை கறுத்துச் சுருங்கி, நாலைந்து நாளில் கையில் அள்ளும்போது கலகலவென்று கேட்கும். மூன்று கிலோ பச்சை காய்ந்தால் ஒரு கிலோ கிட்டும். அந்த நாட்களில் தலையணை, துணி, பள்ளிக்கூடப் பை எல்லாவற்றிலும் மிளகு மணம். காய்ந்த மிளகு நெடுமங்காட்டுச் சந்தைக்குப் போகும். அய்யன்காளி 1912இல் தம் ஆட்களோடு நுழைந்து போராடி, தீண்டாதவர் என்று விலக்கப்பட்டவர்களுக்கும் வழி திறந்த சந்தை. என்னைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் பாட்டா அந்த இடத்தில் நின்று அதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே நடப்பார். மிளகுப் பணத்தில்தான் வருஷத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் துணி.

இப்போது அந்த முருக்கு ஒன்றுகூட இல்லை. 2005வாக்கில் முருக்கின் இளந்தளிரில் ஒரு சின்னக் குளவி முட்டையிட்டுக் கேரளம் முழுவதும் மரங்களை முடிச்சு முடிச்சாக வீங்கவைத்துக் கொன்றது. தாங்கிய மரம் பட்டுப்போனதும் கொடியும் விழுந்தது. மிச்சம் இருந்ததை மழைக்காலத்து வாட்டநோய் கொண்டுபோனது. பிலாவில் கிடந்த இரண்டு கொடிகள் மட்டும் சில காலம் நின்றன.

தேன்காரரைப் பற்றிச் சொல்லாமல் மகரத்தைச் சொல்லி முடியாது. ரப்பர் புதுத்தளிர் விடும்போது பூவைவிட இலைக்காம்பில்தான் தேன் அதிகம் ஊறும். மூன்று இலை சேரும் இடத்தில் மினுங்கும் அந்தத் துளியைத் தேடித்தான் தேனீ வரும். மார்த்தாண்டத்திலிருந்து பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஒருவர் வருவார். எங்கள் புரையிடத்தின் மேல்வரம்பில் பெட்டிகளை வைத்துவிட்டுக் கும்பம் முடியும்வரை அங்கேயே ஒரு ஓலைச்சாய்ப்பில் தங்குவார். ஊர்த்தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஆச்சி அவருக்குத் தினமும் ஏதாவது கொடுத்தனுப்புவாள். போகும்போது தூக்குவாளி நிறையத் தேன் தருவார். வெளிறிய நிறம், சீக்கிரம் உறைந்துவிடும். மரச்சீனிக் கிழங்கு அவித்து அதில் தொட்டுத் தின்போம். 1991, 92 வருஷங்களில் தாய்லாந்துச் சாக்புரூட் என்கிற நோய் வந்து தென்கேரளத்திலும் குமரியிலும் நாட்டுத் தேனீக் கூடுகளை ஏறக்குறைய துடைத்தே விட்டது. புழு பெட்டிக்குள்ளேயே பையாக ஊதிச் செத்தது. அந்த மகரத்தில் ஓலைச்சாய்ப்பு காலியாகக் கிடந்தது. தேனீ வளர்ப்பு பிற்பாடு மீண்டது, பெட்டிகளும் மறுபடி மலைப்பக்கம் வந்தன. அவர் மட்டும் வரவே இல்லை. பெயர் கேட்டு வைத்துக்கொள்ளாமல் 'தேன்மாமா' என்றே கூப்பிட்டுப் பழகியதால் தேடிப்போகவும் வழியில்லை.

மரச்சீனி பிடுங்கும் நாள் எங்களுக்குத் திருவிழா. ஆச்சிக்கு எம்-4 தான் கிழங்கு. மாவாக வெந்து வெடிக்கும். ஸ்ரீகாரியம் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1977இல் வெளியிட்ட ஸ்ரீவிசாகத்தை மாமா கொண்டுவந்து நட்டார். விளைச்சல் கூடுதல், உள்ளே இளமஞ்சள். பஞ்சத்துக்கு உதவும் என்று மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பிய விசாகம் திருநாள் மகாராஜாவின் பெயர் அதற்கு. ஆனாலும் ஆச்சி அதை வாட்டுக்கு மட்டும்தான் எடுப்பாள். சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பெண்கள் அரிவாளோடும் பலகையோடும் வந்துவிடுவார்கள். இன்றைக்கு எங்கள் வீட்டில், நாளை அவர்கள் வீட்டில். கூலி கிடையாது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தோல் சீவி, வில்லை போட்டு, பெரிய வார்ப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து அரைவேக்காட்டில் அள்ளி, ஈற்றைக்குட்டையில் வடியவிடுவார்கள். ஆவியில் வரும் மணத்துக்கு மாடுகூடத் தொழுத்திலிருந்து கழுத்தை நீட்டும். விதுராவில் சர்க்கார் ஜெர்சி பண்ணை இருந்ததால் எங்கள் பக்கத்துத் தொழுத்துகளில் அந்தக் கலப்பு மாடுகள் நிறைய. காந்தாரிமிளகும் உப்பும் தேங்காயெண்ணெயும் சேர்த்து அரைத்த சம்மந்தியோடு வெந்த கிழங்கைத் தின்றபடியே ராத்திரி பன்னிரண்டு மணிவரை கதை ஓடும். யார் யாருக்குப் பெண் பார்த்தது, எந்த வீட்டுப் பசு கன்று போட்டது, கல்லாற்றில் யானை இறங்கியது. விடிந்ததும் எல்லாவற்றையும் சுமந்துபோய்ப் பாறையில் பரத்துவோம். மேலே பார்க்க வெள்ளைத் துணி விரித்தது போல இருக்கும்.

அந்தப் பாறைக்குக் காவல் இருக்கும்போதுதான் வழியில் போகிறவர்களைப் பார்ப்பேன். மகரவிளக்கு கழிந்து சிவராத்திரி வரை அகத்தியர்கூடத்துக்கு ஆட்கள் போகிற காலம். 1868 மீட்டர் உயர மலைக்கு விதுரா வந்து, போணக்காடு போய், அங்கிருந்து காட்டுக்குள் நடப்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் நெற்றி நிறைய நீறோடு எங்கள் வாசலில் தண்ணீர் கேட்பார்கள். தமிழில் பதில் வந்ததும் முகம் மலர்ந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். போணக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு இறங்கும் பெண்களும் அப்படித்தான். "அக்கா, பாவக்கா இருக்கா?" என்று மேலே சாலையிலிருந்தே குரல் வரும். பந்தலுக்குள் அவர்களே புகுந்து பறித்துக்கொள்வார்கள். எடை கிடையாது, கை அளவுதான். லயத்து வீட்டில் பொங்கலுக்குக் கரும்பு கட்டின கதையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். தேயிலைக் கம்பெனி முடங்கி, ஃபாக்டரி துருப்பிடித்து நின்றபிறகு அந்தக் குரல்கள் சாலையில் கேட்கவில்லை. இன்று போணக்காட்டுக்குப் போகிறவர்கள் இடிந்த பங்களாவில் பேய் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறார்கள். அங்கே பிறந்து, உழைத்து, சம்பளம் நிலுவையிலேயே வயசாகிப்போன பெண்களை எண்ணி எனக்கு நெஞ்சு கனக்கிறது.

காட்டுக்குள்ளிருந்து காணிக்காரர் ஒருவர் வருவார். குள்ளமான மனிதர், வெற்றிலைக் கறை படிந்த சிரிப்பு. ஈற்றையில் முடைந்த முறமும் குட்டையும், கூவைக்கிழங்கை அரைத்துத் தெளியவைத்துக் காயப்போட்ட மாவும், சில சமயம் காட்டுத்தேனும் கொண்டுவருவார். பதிலுக்கு உப்பும் புகையிலையும் நெல்லும் வாங்கிப்போவார். 1983இல் பேப்பாறையில் அணையும் காட்டுயிர்ச் சரணாலயமும் வந்தன. அதற்குப் பிறகு அவர் வரவு குறைந்தது. எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு கும்பத்தில் ஏதோ இலையைக் கசக்கி நெற்றியில் வைத்துவிட்டு, அது என்ன இலை என்று கேட்ட ஆச்சியிடம் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். கல்லாற்றுக் காணி வைத்தியரான லட்சுமிக்குட்டியம்மாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது பத்திரிகையில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் காட்டின் மருந்தறிவுக்கு நாடு ஒருமுறையாவது எழுந்து நின்றதே என்று இருந்தது.

கும்பம் பிறந்தால் எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள். கும்பத்தில் மழை பெய்தால் குப்பையிலும் மாணிக்கம் என்று ஊர்ப்பேச்சு. மாவுக்கும் பிலாவுக்கும் மிளகுக்கொடிக்கும் அந்த மழை வேண்டும். பாறையில் கிழங்கு காய்ந்துகொண்டிருக்கும் வீட்டுக்கு மட்டும் அது வேண்டாம். பொன்முடிக்குப் பின்னால் இடி முழங்கியதும் வேலை செய்கிற கையெல்லாம் அப்படியே போட்டுவிட்டுப் பாறைக்கு ஓடும். யார் வீட்டுக் கிழங்கு என்று பார்க்க மாட்டார்கள். கடவத்தில் வாரி வாரி அருகில் இருக்கும் வீட்டுத் திண்ணையில் கொட்டுவார்கள். நனைந்த மண்ணின் மணமும் பாதி காய்ந்த கிழங்கின் புளிப்பு மணமும் சேர்ந்து அன்று ராத்திரி முழுக்க வீட்டுக்குள் நிற்கும். மறுநாள் பாட்டா சேனை நட ஆரம்பிப்பார். கும்பத்து வெளுத்தவாவுக்கு நட்டால் குடம் அளவு விளையும் என்று கணக்கு. ஒவ்வொரு துண்டிலும் முளைக்கண்ணில் ஒரு பங்கு வரும்படி வெட்டி, சாணிப்பாலில் முக்கி, நிழலில் ஆறவிட்டு, குழியில் வைத்து மூடுவார். மேலே சருகு. தண்ணீர் ஊற்றமாட்டார், மழை வரும்போது அது எழும்பும் என்பார். ஆற்றுகால் பொங்கலுக்கு ஆச்சி கலமும் கொதும்புக் கட்டுமாக முதல் பஸ்ஸில் பட்டணத்துக்குப் போய், சாயங்காலம் புகையேறிய கண்ணோடு திரும்புவதும் அந்த மாதத்தில்தான். நெடுமங்காட்டு அம்மன்கொடைக்கு நாங்கள் எல்லாரும் போவோம்.

விதை எடுப்பது ஆச்சி ஒருத்தியின் வேலை, வேறு யாரும் தொடக்கூடாது. நல்ல காயைப் பிஞ்சிலேயே பார்த்து, அதில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டிவிடுவாள். கட்டிய காயைப் பறித்தவர் அன்று வீட்டுக்குள் நுழைய முடியாது. மத்தன் விதையைச் சாணியில் பதித்துச் சுவரில் அப்புவாள். பயற்று நெற்றைக் கட்டாகக் கட்டி அடுப்புக்கு மேல் புகையில் தொங்கவிடுவாள். கீரை விதைக்குச் சாம்பல். படவலங்காயை முழுசாகவே உலரவிட்டு உத்தரத்தில் மாட்டுவாள். வெள்ளரியை வாழைநார் உறியில் தொங்கவைப்பாள். மேடத்தில் விஷுக்கணிக்கு அதிலிருந்து ஒன்று போக, மற்றது அடுத்த மகரம் வரை கெடாமல் தொங்கும். அண்ணாந்து பார்த்தால் வீட்டுக் கூரை முழுக்க அடுத்த வருஷம் தொங்கிக்கொண்டிருக்கும்.

பாட்டா போனபிறகு நிலம் கைமாறியது. வாங்கியவர் ஏலாவை மண் போட்டு நிரப்பி அங்கேயும் ரப்பர் வைத்தார். ரப்பர் விலை வீழ்ந்தபோது அந்த மரங்களையும் வெட்ட ஆள் இல்லாமல் போனது. மிச்சம் இருந்தவர்களின் மரச்சீனியைக் காட்டுப்பன்றி உழுதுபோட்டது. ஒருவர் பின் ஒருவராக நடுவதை விட்டார்கள். போன மகரத்தில் போய் நின்றேன். சருகு அதே போல விழுந்து கிடந்தது, கூட்டித் தீ வைக்க யாரும் இல்லை. தோடு ஒரு சிமெண்ட் குழாய்க்குள் போய்விட்டது. பாறை பொட்டித்து எடுக்கப்பட்ட இடத்தில் பச்சைத் தண்ணீர். வீடு இருந்த இடத்தில் பிலாவின் மூடு மட்டும் தெரிந்தது.

ஆச்சியின் விதைகளை யாரும் எடுத்து வைக்கவில்லை. வீட்டைப் பிரித்த அன்று ஓட்டையும் உத்தரத்தையும் கணக்குப் பார்த்து இறக்கினார்கள், உறிகளை முற்றத்தில் போட்டு எரித்தார்கள். கீரையும் பயறும் எங்கேயும் கிடைக்கும். அந்த வெள்ளரி கிடைக்கவில்லை. நெடுமங்காட்டிலும் மார்த்தாண்டத்திலும் கேட்டுப் பார்த்துவிட்டேன். குட்டையாக, உருண்டை வாக்கில் இருக்கும். பழுத்தால் நல்ல மஞ்சள், காம்புப் பக்கம் மட்டும் பச்சை வரி மாறாமல் நிற்கும். தோல் கனம், வெட்டினால் புளிப்பு கலந்த மணம். விதுராவிலும் தொளிக்கோட்டிலும் அந்தக் காலத்தில் பலபேருக்கு ஆச்சி கொடுத்திருக்கிறாள். உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கலாம். உங்கள் அம்மையோ சித்தியோ எங்கேயாவது வைத்திருந்தால் கேட்டுப் பாருங்கள், பத்து விதை போதும். மகரம் கழிவதற்குள் கிடைத்தால் இந்த வருஷமே ஊன்றிவிடலாம். இங்கே நாகர்கோவிலில் வீட்டுக்குப் பின்னால் கிணற்றோரம் ஒரு தடத்துக்கு இடம் வைத்திருக்கிறேன்.